நெல் ரகப் பெயருக்குள் இருக்கும் ஊர்: தமிழ்நாட்டு வேளாண் ஆராய்ச்சி நிலையங்களும் அவற்றின் ஏடுகளும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

உழவர் கூட்டமோ விதைத் திருவிழாவோ, எங்கே போய் உட்கார்ந்தாலும் ரகங்களின் பழங்கதையைப் பற்றி ஒரே மாதிரியான சந்தேகங்கள்தான் என்னிடம் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி, கடைசியில் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே வைத்திருக்கிறேன். நெல்லைப் பற்றியே அதிகம் இருக்கும். கேட்டவர்களில் பெரும்பாலோர் நெல் போடுகிறவர்கள்.

ஆடுதுறை 43, அம்பை 16, கோ 51னு சொல்றாங்களே, இந்தப் பேரெல்லாம் எப்படி வந்துச்சு?

பெயரின் முன்பாதி, அந்த ரகம் பிறந்த ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊர். ஆடுதுறையில் உருவானது ஆடுதுறை, அம்பாசமுத்திரத்தில் உருவானது அம்பை, கோயம்புத்தூரில் உருவானது கோ. டிகேஎம் என்றால் திரூர்க்குப்பம் (சுருக்கமாகத் திரூர்), டிஎம்வி என்றால் திண்டிவனம், பிகேஎம் என்றால் பெரியகுளம், விஆர்ஐ என்றால் விருத்தாசலம், விபிஎன் என்றால் வம்பன். பின்பாதியில் உள்ள எண், அந்த நிலையம் அந்தப் பயிரில் வெளியிட்ட வரிசை.

ஊர்ப்பெயர் இல்லாமலும் சில உண்டு. பருத்தியில் எம்சியு 5 என்றால் மெட்ராஸ், கம்போடியா, உகாண்டா ஆகிய மூன்று சொற்களின் முதலெழுத்துகள். கம்போடியா பருத்தியிலிருந்தும் உகாண்டா பருத்தியிலிருந்தும் வந்த வழியை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

நம்பர் பெருசா இருந்தா நல்ல ரகம்னு எடுத்துக்கலாமா?

கூடாது. எண் பிறந்த வரிசையை மட்டுமே சொல்லும். கோ 43 ஏறத்தாழ 135 நாள் ரகம், கோ 51 105 முதல் 110 நாள் ரகம். பட்டமே வேறு, ஒன்றுக்கு மற்றொன்று மாற்றாகாது.

எண்ணோடு பயிரின் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள். பிகேஎம் 1 என்று மட்டும் ஒரு சீட்டில் எழுதியிருந்தால் அது முருங்கையா தக்காளியா என்று யாராலும் சொல்ல முடியாது. பெரியகுளத்தில் இரண்டுக்கும் பிகேஎம் 1 உண்டு. பழைய ஏடுகளில் தேடும்போது இந்த ஒரு குழப்பத்திலேயே அரை நாள் போய்விடும்.

எல்லாத்துக்கும் முதல்ல ஆரம்பிச்சது எது?

வேளாண்மைக்கென்று அரசு நடத்திய கல்வி 1868-இல் சென்னை சைதாப்பேட்டையில் ஒரு பள்ளியாகத் தொடங்கியது. 1906-இல் அது கோயம்புத்தூருக்கு இடம் மாறியது. இன்றைய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேர் அதுதான். பல்கலைக்கழகமானது 1971 ஜூன் 1-இல்.

கிளை நிலையங்களில் கோவில்பட்டி 1901-இல் வந்தது. கரிசல் மண்ணுக்கும் மானாவாரிக்குமான நிலையம் அது. பாலூர் 1905, கோயம்புத்தூர் நெல் நிலையம் 1912, ஆடுதுறை 1922, அம்பாசமுத்திரம் 1937, திரூர் 1942. ஒவ்வொன்றும் ஒரு மண்ணுக்கும் ஒரு பாசனத்துக்கும் பதில் தேடி வைக்கப்பட்டது. ஆடுதுறைக்குக் காவிரிப் பாசனம், அம்பைக்குத் தாமிரபரணிப் பாசனம். நிலையங்கள் இப்படிச் சிதறிக் கிடப்பதற்குக் காரணம் இதுதான்.

கோயம்புத்தூர் நெல் நிலையத்துல முதல்ல என்னதான் பண்ணாங்க?

பொறுக்கினார்கள். ஊர் ஊராக வந்த நெல்லை விதைத்து, ஒரே வயலில் ஒன்றுக்கொன்று மாறியிருக்கும் செடிகளைத் தனித்தனியாக அறுத்து, ஒரு செடியின் விதையை ஒரு வரிசையாக மறுபடி விதைத்து, மாறாமல் நிற்பதை மட்டும் வைத்துக்கொள்ளும் வேலை. தனிவழித் தேர்வு என்பார்கள். தொடக்க ஆண்டுகளில் பொறுப்பில் இருந்தவர் எஃப். ஆர். பார்னெல். அவருக்குப் பின் கே. ராமையா ஒட்டுக்கட்டும் வேலையை, அதாவது இரண்டு ரகங்களைக் கலந்து புது ரகம் எடுப்பதை, பெரிதாக வளர்த்தார். அவரே பிறகு 1946-இல் கட்டாக்கில் தொடங்கிய மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநரானார்.

இந்தக் காலத்து ஏடுகளைப் படிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. பொறுக்க வந்த நெல் அத்தனையும் உழவர் வீட்டுக் குதிரிலிருந்து வந்தது. ரகத்துக்கு எண் கொடுத்தது நிலையம். அந்த நெல்லைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துக் கொண்டுவந்தவர்களின் பெயர் ஏட்டில் இல்லை.

ஜிஇபி 24னு பழைய ஆளுங்க சொல்வாங்க. அது என்ன?

அது ஆத்தூர் கிச்சிலி சம்பாவிலிருந்து 1921-இல் வந்த தேர்வு. இயற்கையாக மாறிப்போய் நின்ற செடியைக் கண்டு எடுத்தது என்று பதிவாகியிருக்கிறது. அரசின் பொருளாதாரத் தாவரவியலாளர் என்ற பதவியின் ஆங்கில முதலெழுத்துகளே ஜிஇபி. கடையில் கிச்சிலி சம்பா என்ற பெயரிலேயே ஓடியது. சன்ன மணி, நல்ல சோறு. ஆனால் அதன் பெரிய பங்கு வயலில் மட்டும் இல்லை, பிற ரகங்களின் பெற்றோராக நின்றதில்தான்.

வரிசையாகப் பாருங்கள். கோ 18-ஐயும் ஜிஇபி 24-ஐயும் ஒட்டி வந்தது டிகேஎம் 6. அதைப் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் எடுத்துப் பயன்படுத்தியதில் 1969-இல் வந்தது ஐஆர் 20. ஐஆர் 20-லிருந்து கோ 43-உம் ஆடுதுறை 39-உம் வந்தன. ஜப்பானிய நோரின் 10-ஐ ஜிஇபி 24-ஓடு ஒட்டியதில் வந்தது ஆடுதுறை 27. 1960-களின் நடுவில் தஞ்சைக் குறுவையை மாற்றிய ரகம் அது. ஆந்திராவில் உருவான பிபிடி 5204-இன் பெற்றோரிலும் ஜிஇபி 24 இருக்கிறது. நூறு ஆண்டுக்கு முன் ஒரு கையேட்டில் 24 என்று எழுதிய ஒற்றை வரிசையிலிருந்து இத்தனையும். ஏடுகளைக் காக்க வேண்டும் என்று நான் பேசும் இடமெல்லாம் இந்த வரிசையைத்தான் சொல்வேன்.

அப்போ ஐஆர் 20 வெளிநாட்டு நெல்லு இல்லையா?

ஒட்டுக்கட்டிய இடம் வெளிநாடு. பெற்றோரில் ஒன்று நம்மூர். மேலே சொன்ன டிகேஎம் 6 திரூர் நிலையத்தில் உருவானது. தண்டுத்துளைப்பானைத் தாங்கும் குணத்துக்காகவே அதைத் தேடி எடுத்தார்கள். "வெளிநாட்டு ரகம்", "நாட்டு ரகம்" என்று இரண்டே பெட்டிகளில் போட்டுப் பேசினால் நெல்லின் வம்சாவளி பிடிபடாது.

பொன்னிக்கு ஊர்ப் பேரே இல்லையே, அது எந்த நிலையத்தோடது?

பொன்னியின் மூலம் மசூரி. தைவானின் தைச்சுங் 65-ஐ மலேயா நாட்டு மாயாங் எபோஸ் 80-ஓடு ஒட்டி மலேசியாவில் உருவானது. இங்கே வந்ததும் காவிரியின் பெயரை வைத்தார்கள். வெள்ளைப் பொன்னி அதிலிருந்து தேர்ந்தது, மேம்படுத்திய வெள்ளைப் பொன்னி 1986-இல் வெளியானது. ஆடுதுறை 43-இன் ஒரு பெற்றோர் இந்த மேம்படுத்திய வெள்ளைப் பொன்னி, மற்றது ஐஆர் 50. கோ 51-க்குப் பெற்றோரில் ஒன்று ஆடுதுறை 43. ஆகவே கோ 51 சாப்பிடுகிறவர் பொன்னியின் பேரனைச் சாப்பிடுகிறார்.

மசூரியும் ஆடுதுறை 27-உம் ஒரே திட்டத்தின் பிள்ளைகள். ஜப்பானிய நெல்லையும் இந்திய நெல்லையும் ஒட்டுவதற்கென்று 1950-களில் கட்டாக்கை மையமாக வைத்துப் பல நாடுகள் சேர்ந்து நடத்திய திட்டம் அது. "ஆந்திரா பொன்னி" என்று அரிசிக் கடையில் சொல்வது வேறு. அது பாபட்லாவில் உருவான பிபிடி 5204. முதலெழுத்துகளே பாபட்லாவைக் குறிக்கின்றன.

கோ 86032 கரும்பும் கோ 51 நெல்லும் ஒரே இடத்துல வந்ததா?

ஒரே ஊர், வேறு நிறுவனம். கரும்பு இனப்பெருக்க நிலையம் 1912-இல் சி. ஏ. பார்பர் தொடங்கியது, 1969 முதல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ், அதாவது மத்திய அரசின் கையில் இருக்கிறது. அங்கே வெள்ளை என்ற கரும்பை நம் ஆற்றங்கரை நாணலோடு ஒட்டி வந்த கோ 205, 1918-இல் வட இந்தியாவுக்குப் போனது. பார்பருக்குப் பின் அந்த வேலையை டி. எஸ். வெங்கட்ராமன் எடுத்துச் சென்றார்.

மாநிலப் பல்கலைக்கழகத்தின் கரும்பில் கோவுக்குப் பின் இன்னொரு எழுத்து இருக்கும். கோசி என்றால் கடலூர், கோசிஐ என்றால் சிறுகமணி. ஏடு தேடிப் போகும் முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தப்பான அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டுக் காத்திருப்பீர்கள்.

பட்டாம்பி, மாருட்டேறு நிலையங்களை நம்ம கணக்குல சேர்க்கலாமா?

காலத்தைப் பொறுத்தது. இன்றைய ஆந்திரத்தில் உள்ள மாருட்டேறு 1925, இன்றைய கேரளத்தில் உள்ள பட்டாம்பி 1927. இரண்டும் சென்னை மாகாண வேளாண் துறை வைத்தவை. 1953-இல் ஆந்திரம் பிரிந்தது, 1956-இல் மலபார் கேரளத்தோடு சேர்ந்தது. நிலையங்களும் அவற்றின் ஏடுகளும் அந்தந்த மாநிலத்துக்குப் போயின. அதற்கு முந்தைய மாகாண ஆண்டறிக்கைகளில் எல்லாம் ஒரே புத்தகத்தில் இருக்கும். மாநிலம் பிரிந்தாலும் விதை பிரியவில்லை. பட்டாம்பியின் பிடிபி 33 புகையான் பூச்சியைத் தாங்கும் ரகம், ஆடுதுறை 37-க்கு அது ஒரு பெற்றோர்.

ஒரு நிலையத்துல அப்படி என்னென்ன ஏடு இருக்கும்?

விதை வரவு ஏடு, ஒட்டுக்கட்டிய பதிவு, வயல் பதிவேடு, மழை அளவு ஏடு, அறுவடைக் கணக்கு, ஆண்டறிக்கை. இதில் ஆண்டறிக்கைதான் அச்சானது, மற்றவை கையெழுத்து. உயிர் இருப்பது வயல் பதிவேட்டில்.

ஒரு பழைய வயல் பதிவேட்டை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். நீள நோட்டு, துணி ஒட்டிய முதுகு. இடப்பக்கம் பாத்தி எண், அடுத்து விதைத்த நாள், நட்ட நாள், பாதிக்குப் பாதி பூத்த நாள், உயரம், தூர், கதிர் நீளம், ஆயிரம் மணி எடை. எல்லாம் பென்சில். மை என்றால் ஈரக் கை பட்டதும் கலைந்துவிடும். ஒரு பாத்தியின் விளைச்சல் அக்கம்பக்கத்தைவிடப் பாதிதான் இருந்தது. ஏன் என்று புரியாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓரத்தில் மிகச் சின்னதாக "எலி" என்று ஒரே ஒரு சொல். அச்சான அறிக்கையில் இந்தச் சொல் வராது. அது இல்லாமல் அந்த எண்ணைப் படித்தால் ஒரு நல்ல நெல்லை உதவாத நெல் என்று ஒதுக்கிவிடுவோம்.

ஒரே நிலத்துல நூறு வருஷமா ஒரே சோதனை நடக்குதாமே, நிஜமா?

நிஜம். கோயம்புத்தூரில் நிரந்தர உரச் சோதனை 1909-இல் தொடங்கியது, இரண்டாவது தொகுதி 1925-இல். ஒரு பாத்திக்கு எதுவுமே போடுவதில்லை, ஒன்றுக்குத் தழைச்சத்து மட்டும், ஒன்றுக்கு மணிச்சத்து மட்டும், ஒன்றுக்குச் சாம்பல் சத்து மட்டும், சிலவற்றுக்குக் கலந்து, ஒன்றுக்குத் தொழுவுரம். எந்தப் பாத்திக்கு எது என்பதை மாற்றுவதே கிடையாது.

மண் மெதுவாகத்தான் மாறும். மூன்று வருடச் சோதனையில் தெரியாதது முப்பது வருடத்தில் தெரியும். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட்டில் 1843 முதல் இப்படி ஒரு வயல் இருக்கிறது. இந்தச் சோதனையில் ஏடுதான் பாதி. எந்தப் பாத்திக்கு எது போட்டோம் என்ற கணக்கு ஒரு முறை தொலைந்தால், அதுவரை செய்த அத்தனையும் வெறும் மண்.

பழைய அறிக்கையில ஏக்கருக்கு இத்தனை பவுண்டுன்னு இருக்கு. எப்படி மாத்தறது?

ஒரு பவுண்டு 0.4536 கிலோ. ஏக்கருக்கு ஒரு பவுண்டு என்பது ஹெக்டேருக்கு 1.12 கிலோ. ஏக்கருக்கு 2,000 பவுண்டு என்றால் ஏக்கருக்கு 907 கிலோ, ஹெக்டேருக்கு ஏறத்தாழ 2,242 கிலோ.

மரக்கால், கலம், மூட்டை என்று இருந்தால் கை வைக்காதீர்கள். அவை ஊருக்கு ஊர் மாறும், மூட்டை இன்றைக்கும் மாறுகிறது. அதே ஏட்டில் எங்காவது எடை கொடுத்திருக்கிறார்களா என்று தேடி, கிடைத்தால் மட்டும் மாற்றுங்கள்.

பசலின்னு போட்டிருந்தா?

பசலி என்பது ஜூலையில் தொடங்கும் வருவாய் ஆண்டு. ஆங்கில ஆண்டு வேண்டுமானால் 590-ஐக் கூட்டுங்கள். பசலி 1330 என்றால் 1920 ஜூலை முதல் 1921 ஜூன் வரை. வருவாய்த் துறைக் காகிதங்களில் இது வரும். நிலைய அறிக்கையில் 1921-22 என்று இருந்தால் ஆண்டு எந்த மாதம் தொடங்குகிறது என்று முதல் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தும் வேறாக இருக்கும். கோவில்பட்டியைக் கோயில்பட்டி என்று படிக்கும்படி எழுதியிருப்பார்கள்.

ஒரே ரகத்துக்கு ரெண்டு புத்தகத்துல ரெண்டு வருஷம் போட்டிருக்கு. எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். ஒட்டுக்கட்டிய ஆண்டு ஒன்று, நிலையத்தில் தேர்ந்தெடுத்த ஆண்டு ஒன்று, மாநிலக் குழு வெளியிட்ட ஆண்டு ஒன்று, 1966 விதைச் சட்டத்தின்படி மத்திய அரசிதழில் அறிவித்த ஆண்டு ஒன்று. எதைச் சொல்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

வெளியீட்டுக்கு முன் ரகத்துக்குப் பெயர் இருக்காது, கல்ச்சர் எண்தான். கோயம்புத்தூருடையது சிபி என்றும் ஆடுதுறையுடையது ஏடி என்றும் தொடங்கும். பல இடங்களில் சோதித்து, உழவர் வயல்களிலும் போட்டுப் பார்த்த பிறகே ஊர்ப்பெயரும் எண்ணும் கிடைக்கும். பழைய ஏட்டில் உங்கள் ரகத்தைக் காணோம் என்றால் கல்ச்சர் எண்ணைப் போட்டுத் தேடுங்கள்.

நிலையத்துல சொன்ன விளைச்சல் எங்க வயல்ல வரலையே. ஏடு பொய்யா?

பொய் இல்லை. பாத்தி சின்னது. தண்ணீர் குறித்த நாளில் வரும், களை குறித்த நாளில் எடுப்பார்கள், கலவனை (இடையில் கலந்து நிற்கும் வேறு ரகச் செடியை) பிடுங்குவார்கள், ஓர வரிசையை விட்டுவிட்டு அறுப்பார்கள், ஈரப்பதத்தைச் சரிசெய்து எடை போடுவார்கள். அந்த எண்ணை அப்படியே உங்கள் வயலுக்கு எதிர்பார்க்கக் கூடாது.

பார்க்க வேண்டியது ஒப்பீட்டு ரகத்தை. புது ரகத்தின் பக்கத்திலேயே, அதே பராமரிப்பில், உழவர் ஏற்கெனவே போடும் ஒரு ரகத்தையும் வைத்திருப்பார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் செய்தி. உழவர் வயல் சோதனையின் எண் தனியாகக் கொடுக்கப்பட்டிருந்தால், என் கணக்கில் அதற்கே மதிப்பு அதிகம்.

விதை மூட்டையில இருக்கற அட்டைக்கும் நிலையத்துக்கும் என்ன சம்பந்தம்?

அந்த அட்டைதான் உங்கள் வயலையும் நிலையத்து ஏட்டையும் இணைக்கும் கயிறு. நிலையத்தில் கரு விதையிலிருந்து வரும் வல்லுநர் விதைக்கு மஞ்சள் அட்டை, அதிலிருந்து ஆதார விதைக்கு வெள்ளை, அதிலிருந்து சான்று விதைக்கு நீலம். அட்டையில் ரகம், குவியல் எண், சோதனை நாள், காலாவதி நாள் எல்லாம் இருக்கும். மூட்டையைப் பிரித்ததும் அட்டையைத் தூக்கிப் போடாமல், விதைத்த நாளைப் பின்புறம் எழுதி வையுங்கள். முளைப்பிலோ கலவனிலோ தகராறு வந்தால் கையில் இருக்கும் சான்று அது ஒன்றுதான்.

எங்க தாத்தா வச்சிருந்த நெல்லு அங்க பதிவாகியிருக்குமா?

வாய்ப்பு உண்டு. பாரம்பரிய ரகங்களின் விதை கோயம்புத்தூரில் ராமையா பெயரிலுள்ள மரபணு வங்கியிலும் புதுதில்லி தேசிய மரபணு வங்கியிலும் இருக்கிறது. ஒரே பெயரில் பல பதிவுகள் இருக்கும். கிச்சிலி சம்பா என்பதே ஒரே ஒரு நெல் இல்லை. ஆகவே பெயரோடு ஊர், பட்டம், நாள், நெல்லின் நிறம், மீசை உண்டா இல்லையா என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள். இன்னும் உங்களிடம் விதை இருந்தால், 2001-ஆம் ஆண்டு தாவர ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தில் உழவர் ரகமாகப் பதிவு செய்யவும் வழி இருக்கிறது.

பழைய அறிக்கைகளை எங்க போய்ப் படிக்கிறது?

1971-க்கு முன் என்றால் அரசுத் துறையின் ஆவணம். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தொடங்குங்கள், பக்கத்திலேயே கன்னிமாரா நூலகமும் இருக்கிறது. அதற்குப் பின் என்றால் பல்கலைக்கழக நூலகம். ஆய்வேடுகள் கிருஷிகோஷ் என்ற மின் தொகுப்பில் கிடைக்கின்றன. நூறு ஆண்டுக்கு மேலாக வரும் மெட்ராஸ் அக்ரிகல்சுரல் ஜர்னலின் பழைய இதழ்களை விட்டுவிடாதீர்கள். ஆண்டறிக்கையில் ஒரு வரியாக முடிவதை அங்கே ஆறு பக்கம் எழுதியிருப்பார்கள்.

தகவல் உரிமைச் சட்டத்துல கேட்டா குடுப்பாங்களா?

பல்கலைக்கழகம் பொது அதிகார அமைப்பு, ஆகவே கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். 20 ஆண்டுக்கு முந்தைய நிகழ்வுகளின் ஆவணங்களுக்குச் சட்டத்தின் விலக்குகளில் பெரும்பாலானவை பொருந்தாது என்பதும் உங்களுக்குச் சாதகம்.

"இந்த ரகத்தின் வரலாறு வேண்டும்" என்று கேட்டால் வராது. இருக்கும் ஆவணத்தைத்தான் தருவார்கள், புதிதாக எழுதித் தர மாட்டார்கள். எந்த நிலையம், எந்தப் பயிர், எந்த ஆண்டு, எந்தப் பதிவேடு என்று குறிப்பிட்டுக் கேளுங்கள்.

எங்க அப்பா ஒரு நிலையத்துல வேலை பார்த்தாரு. அவர் நோட்டுங்க வீட்ல இருக்கு. என்ன பண்றது?

தயவு செய்து பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததற்கே பாதிக் காரணம் இந்தக் கேள்விதான். நிலையத்தில் இருந்த பிரதி கரையானுக்கோ மழைக்கோ போயிருக்கலாம். உங்கள் பரண்மேல் இருப்பது ஒரே பிரதியாக இருக்கலாம்.

லேமினேட் செய்யாதீர்கள், டேப் ஒட்டாதீர்கள், துருப்பிடித்த ஊசிகளை மட்டும் மெதுவாக எடுத்துவிடுங்கள். பகல் வெளிச்சத்தில், பக்க வரிசை மாறாமல், ஓரக் குறிப்பு வெட்டுப்படாமல் படம் எடுங்கள். பென்சில் எழுத்து மங்கியிருந்தால் பக்கவாட்டு வெளிச்சத்தில் இன்னொரு படம். எழுதியவர் பெயர், நிலையம், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று ஒரு தாளில் எழுதி நோட்டோடு வையுங்கள். அப்பா இருக்கிறார் என்றால் இன்றைக்கே அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நோட்டிலுள்ள சுருக்கெழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் என்ன பொருள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.